பிள்ளையாருக்கு விட்ட வரி

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் ஒருத்தி தன் பேத்தியின் கணக்கு நோட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் முதல் வரி காலி. இரண்டாம் வரியிலிருந்துதான் கணக்கு. 'நம்ம கணக்கு டீச்சர் பழக்கிவிட்டது, இன்னும் போவுது பாருங்க' என்று கீழே எழுதியிருந்தாள். உடனே நீங்கள் எல்லோரும் வரிசையாக வந்துவிட்டீர்கள். மேல் வரியைப் பிள்ளையாருக்கு விடச் சொல்லி டீச்சர் சொன்னதாக ஒருத்தி. அந்த இடத்தில் தான் 786 போட்டதாகவும் டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை என்றும் இன்னொருத்தி. சிலுவை போட்டவளும் இருந்தாள். கைகூப்பும் பொம்மைகள் மட்டும் நாற்பது வந்திருக்கும்.

நான் ஒன்றும் போடவில்லை. வலது கை தூக்க வராமல் இடது கட்டைவிரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், டீச்சர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கரும்பலகையில் அவர் மேலே ஓர் அடி விட்டுவிட்டு எழுதுவார். அதைப் பார்த்து நாமாகவே அங்கே பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்கார வைத்துக்கொண்டோம். அவர் என் அத்தை, என் அப்பாவின் தங்கை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்பது தெரியாது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அறுபது வயது ஆகப்போகிறது, இனியும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. நாம் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கவில்லை. அத்தைக்கு நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை; எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அவருடைய வலது கை தோளோடு இறுகிப்போய், இடுப்புக்கு மேல் ஏற மறுத்துவிட்டது.

காலையில் அவருக்குத் தலை பின்னிவிடுவது என் வேலையாயிற்று. அதுவரை அவர்தான் எனக்குப் பின்னிவிடுவார். முக்காலியில் அவர் உட்கார, நான் பின்னால் நின்று, காயாத முடியில் சீப்பை மாட்டிவிட்டுத் திண்டாடுவேன். மழைக்கால முடிக்கு ஒரு வாடை உண்டு, சீயக்காயும் ஈரமும் சேர்ந்தது. பின்னல் கோணலாகத்தான் வரும். "பரவால்லடி. போர்டப் பாக்கற பொண்ணுங்க என் பின்னலையா பாக்கப்போவுது" என்பார். ரவிக்கை போட அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு மட்டும் கேட்கும்.

சுளுக்கு என்றார்கள், வாயு என்றார்கள். அம்மா சனி என்றாள். கூப்பிடு தூரத்தில் திருநள்ளாறு இருக்கும்போது வேறென்ன தோன்றும்? எள் விளக்கு ஏற்றினோம். குளத்தில் முங்கி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டு வர வேண்டும் என்று வழக்கம். ஈரப் புடவையை உருவ வலது கை வராமல் அத்தை படித்துறையில் நின்றுகொண்டே இருந்தார். அம்மா உருவிவிட்டாள். அத்தை அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சந்நிதியில் அவர் கையைத் தலைக்கு மேல் கூப்பாததைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், "சாமிகிட்டகூட டீச்சர் டீச்சராத்தான் நிக்கறாங்க" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அத்தை கரும்பலகையின் கீழ்ப்பாதியில் குனிந்து எழுத, பின் பெஞ்சுப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அரைப் பரீட்சை லீவு முடிஞ்சு வரும்போது கை சரியாகலேன்னா உங்கள லைப்ரரிக்குத்தான் மாத்தணும். எனக்கு வேற வழி இல்லம்மா." அன்று அத்தை சாப்பிடவில்லை. வகுப்பில் நிற்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. புடவை, நகை, சினிமா, எதுவும் கிடையாது. சாக்கட்டியைப் பிடித்தால்தான் முகத்தில் வெளிச்சம் வரும், உங்களுக்கே தெரியும்.

யாரோ ஒரு மாணவியின் அம்மா சொல்லித்தான் சொல்தாவைப் பற்றி அத்தைக்குத் தெரியவந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இவர் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. பட்டாளத்து ஆஸ்பத்திரியில், அடிபட்டவர்களின் கைகால்களை நீட்டி மடக்கிப் பழக்கும் வேலையில் இருந்தவர். கடற்கரைக்குப் போகும் ரோட்டில் ஓட்டு வீடு.

அத்தை அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. "சொல்தா வீட்டுல ஒத்தடம் குடுத்து கையச் சரி பண்ணிவிடறாங்களாம்ண்ணே, போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். நம் 'ங்க'வில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும். சொல்தாவின் மனைவிதான் பார்க்கிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அத்தை அதைத் திருத்தவில்லை. "தனியா போவாதே, பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் அப்பா.

ஆக, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே குடையில் நானும் அத்தையும். அரசலாற்றுப் பாலத்தில் காற்று குடையைப் பிடுங்கும். இடது கையால் அத்தை அதோடு மல்லுக்கட்டுவார், நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

சொல்தா ஒல்லி, நெட்டை, காக்கி அரைக்கால் சட்டை. அதிகம் பேசமாட்டார். முதலில் வறுத்த மணல் மூட்டையால் தோளுக்கு ஒத்தடம். அந்தச் சுட்ட மணல் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு அத்தை குனிந்து, இடது கையை மேஜையில் ஊன்றி, வலது கையில் ஓர் எடைக்கல்லைப் பிடித்துத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலே ஏற்ற வேண்டும். விரல் நின்ற இடத்தில் சொல்தா பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

கடைசியில் பெஞ்சு. அத்தை மல்லாந்து படுப்பார். சொல்தாவின் மனைவி ஒரு நீளத் துண்டை அத்தையின் மார்பைச் சுற்றிக் கொடுத்து அந்தப் பக்கம் நின்று இறுக்கிப் பிடித்துக்கொள்வார், உடம்பு கூடவே நகர்ந்துவிடாமல் இருக்க. இந்தப் பக்கம் சொல்தா அத்தையின் மணிக்கட்டையும் முழங்கையையும் பிடித்து, காலை ஊன்றி, பின்னால் சாய்வார். வெடுக்கென்று இழுப்பதில்லை. "தூஸ்மான், தூஸ்மான்" என்று சொல்லிக்கொண்டே இழுப்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். முப்பது எண்ணுவார், விடுவார், மறுபடி பிடிப்பார். அத்தையின் கண்ணோரத்தில் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கும்.

"வலிக்குதா டீச்சர்?"

"வலிக்கட்டும். இழுங்க."

நான் மூலையில் உட்கார்ந்து பிஸ்கோத்து தின்றுகொண்டிருப்பேன். சொல்தா வீட்டம்மா தகர டப்பாவிலிருந்து எண்ணாமல் எடுத்துக் கொடுப்பார். அந்த ஆறு வாரமும் எனக்கு அந்த வீடு பிஸ்கோத்து வீடுதான்.

பென்சில் கோடுகள் ஏறின. முதல் கோடு அத்தையின் இடுப்புக்கு நேரே. பிறகு நெஞ்சு, பிறகு முகவாய். ஆறாவது வாரம் ஒருநாள் திரும்பி வரும்போது, பாலத்து நடுவில் அத்தை சட்டென்று நின்றார். வலது கையை மெல்லத் தூக்கிப் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார். "எத்தனை நாளா அரிச்சிக்கிட்டே இருந்திச்சு தெரியுமா?" என்று சிரித்தார். மழையில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. "போர்டு உச்சிக்கு இன்னும் மூணு சாண். போயிடலாம்" என்றார்.

அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல். அத்தை தனியாகப் போனார். அன்று பார்த்து பூவத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கூடத்தில் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன்.

"டீச்சரம்மா எங்க?" என்று கேட்டார் பெரியப்பா.

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பெரியவர்கள் கேட்டால் முந்திக்கொள்ளும் வியாதி எனக்கு அப்போதே உண்டு.

"சொல்தா வீட்டுக்குப் போயிருக்காங்க. அங்க சொல்தா அத்தைய படுக்க வெச்சு கையப் புடிச்சு இழுப்பாரு. அத்தை அழுவாங்க. அப்புறமும் விடாம இழுப்பாரு."

கூடத்தில் யாரோ தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ஒருவன் இழுத்தான் என்றால் நம் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். எனக்குத்தான் அன்று தெரியாது. சரியாகச் சொன்னதாக நினைத்து மறுபடி போர்வைக்குள் போய்விட்டேன்.

அத்தை குடையோடு வாசலில் ஏறியபோது பெரியப்பா எழுந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, அவன் உன் கையப் புடிச்சு இழுத்தானா?"

அத்தை எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் பார்த்தார். அவர் முகம் அப்படி இறுகி நான் பார்த்ததில்லை.

"ஆமா, இழுத்தாரு. இழுத்தாத்தான் வரும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உள்ளே போய் மெதுவாகத்தான் சொன்னார். "வைத்தியம்னு எங்களுக்குப் புரியுதும்மா. தெருவுக்குப் புரியுமா? நாளையிலேருந்து போவ வேணாம்." அப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை போகவில்லை.

மூன்றாம் நாள் சொல்தா வீட்டம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் பேச்சு கடற்கரை ரோடு வரை போயிருந்தது. நனைந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அம்மா உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு ஒரு பக்கம் இழுத்தாரு, நான் ஒரு பக்கம் துண்டப் போட்டுப் புடிச்சிருந்தேன். ஆறு வாரமும் நானும் அங்கதான் இருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே."

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இழுத்த கையைச் சொன்னேன், பிடித்த கையைச் சொல்லவில்லை. எனக்கு எண்ணாமல் பிஸ்கோத்து கொடுத்த கை அது. என்னை அவர் பார்த்தார். பையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் அவர்கள் பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். எப்படியும் போயிருப்பார்கள் என்று அப்பா ஒருமுறை சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

பைக்குள் ஓர் இரும்புக் கப்பியும் வெள்ளைக் கயிறும் இருந்தன. "நம்ம கிணத்துக் கப்பி தேஞ்சுபோய்க் கத்துதுல்ல, இதப் போட்டுக்கலாம்" என்று அத்தை சொல்ல, அப்பா ஏறி மாட்டிவிட்டார். வெட்கத்தில் இருந்தவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்திருக்கும். நல்ல கப்பி. சத்தமே போடாது.

லீவு முடிந்தது. அத்தையின் கை காதுக்கு மேல் ஏறவில்லை. வலியில் கொஞ்சம் இறங்கவும் செய்தது. தலைமையாசிரியை சொன்னபடி செய்தார். அத்தை லைப்ரரிக்குப் போனார். சாக்கட்டித் தூள் படியாத புடவையோடு அவர் வீட்டுக்கு வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போய்விடுவேன்.

அந்த நாட்களில் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வீட்டில் முனிசிபாலிட்டிக் குழாய் இருந்தும், காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைப்பார். கால் வாளிதான் இருக்கும். மேலே வந்ததும் அதைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றிவிட்டு மறுபடி விடுவார். உதடு மட்டும் அசையும். "கிணத்துத் தண்ணியக் கிணத்துலயே ஊத்தறா. நாலு பேரு பாத்து, அண்ணன் வீட்டுல வேலை வாங்கறாங்கன்னு சொல்லணும், அதுக்குத்தான்" என்று அம்மா பொருமுவாள். யாரையோ சபிக்கிறார் என்றாள் எதிர்வீட்டு அம்மாள். யாரையென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கிணற்றடிப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவரை மறுபடி வகுப்புக்கு விட்டார்கள். நாம் எட்டாவது வந்தபோது கணக்குக்கு வந்து நின்றாரே, அது அப்படி வந்ததுதான். தலையைத் தானே பின்னிக்கொள்வார். கரும்பலகையில் மேல் ஓர் அடி தவிர மற்றதெல்லாம் அவர் கைக்கு எட்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தை பேரைச் சொல்ல வந்துவிட்டது என்று. பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். திருநள்ளாற்றுப் பையன் ஒருவன், என் மகனைவிடச் சின்னவன். படுக்க வைத்து இழுக்கிறான். உதவிக்கு ஒரு பெண் பெல்ட் போட்டு என் உடம்பைப் பிடித்துக்கொள்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அவன் கதவு மேலே ஒரு சின்னக் கப்பியை மாட்டி, கயிற்றின் இரண்டு முனையையும் என் கைகளில் கொடுத்தான்.

"நல்ல கையால கீழ இழுங்கம்மா. வலிக்கிற கை தானா மேல போவும். அந்தக் கைக்கு வேலையே கிடையாது, சும்மா கூட வரட்டும்."

இழுத்தேன். இடது கை கீழே வந்தது, வலது கை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. கப்பி சத்தமே போடவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று அந்தப் பையன் பயந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு ஒரு கைகூடச் சும்மா இல்லை.

அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டேன். தொண்ணூறு வயதில் புதுச்சேரியில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும்.

"அத்தை, கிணத்துல இறைச்சு இறைச்சு அதுலயே ஊத்துவீங்களே, அது கைக்காகவா?"

"பின்ன, கிணத்து மீனுக்கா?"

"யாரையோ திட்டறீங்கன்னு நெனச்சேன். என்னையத்தான்னு நெனச்சேன்."

"வாளி இறங்கறப்ப கயிறு கையத் தூக்கும், அப்ப முப்பது எண்ணுவேன்டி. நடுவுல தூஸ்மான் சொல்லிக்குவேன். நீதான் பக்கத்துலயே வரமாட்டியே. வந்திருந்தா காதுல விழுந்திருக்கும்."

ஐம்பது வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்குப் பெரியப்பாவிடம் வாயை விட்டது நான்தான் என்றேன். தெரியும் என்றார். சொல்தா வீட்டம்மா துண்டைப் பிடித்திருந்ததை நான் சொல்லவில்லையே என்றேன்.

"நானும்தான் சொல்லல. உனக்குப் பத்து வயசு, எனக்கு நாப்பத்தொண்ணு. அவ்வளவு பேரு முன்னாடி அப்படிக் கேட்டாரேன்னு ரோஷம். சாட்சி சொல்லிக்கிட்டு நிக்கணுமான்னு உள்ள போயிட்டேன். அந்தம்மா மழையில நடந்து வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுதான்டி இன்னும் எனக்கு வலிக்குது."

பேச்சை மாற்றத்தான் நோட்டுப் படத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் எழுதியதையும், பிள்ளையாரையும், 786-ஐயும் சொன்னேன். அத்தை சிரித்த சிரிப்பில் தம்பி மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள்.

"பிள்ளையாருமில்ல ஒண்ணுமில்ல. எட்டல, அதான். நோட்டுல எதுக்குடி விடறீங்க? அதுல எட்டுமே."

பிறகு டீச்சர் குரலில் கேட்டார். "உன் கை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"காது வரைக்கும்."

"எத்தனை வாரமாச்சு?"

"ஆறு."

"நிறுத்திடாதே. அதுக்கு மேலதான் ஏறும்னு சொல்தா சொல்லியிருந்தாரு."

நாளைக்கு ஏழாவது வாரம் தொடங்குகிறது.